நோன்புக்கு நோன்பு தேய்த்த பேட்ஜ்

எங்கள் வாப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஒரு வருடமாகிறது. எல்லாரும் அல்லாஹ்விடம் திரும்ப வேண்டியவர்களே. அதில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் வாப்பா எதைத் தேடி, எது கிடைக்காமல் போனார் என்பது சொந்தக்காரர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகவே மூத்த மகளாகிய நான் இதை எழுதுகிறேன்.

வாப்பா பிறந்தது கல்முனையில், கடலோரம் இருந்த வெள்ளைக்காரன் காலத்துக் கல்வீட்டில். அவர் தன் உம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே, கப்பல் வேலை பார்த்த அவருடைய வாப்பா லீவு முடிந்து போனார். எந்தத் துறைமுகத்துக்கு என்று வீட்டில் ஒருவரும் கேட்டு வைக்கவில்லை. அவர் திரும்பி வரவில்லை. இறந்தார் என்ற மௌத்துச் செய்தியும் வரவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான். கல்வீடு வாப்பாவின் ராத்தாவுக்கு, அதாவது எங்கள் மாமிக்குப் போனது. வாப்பா எங்கள் உம்மாவைக் கல்யாணம் முடித்து இறக்காமத்துக்கு வந்து வயல் செய்தார். யானை அழித்தது போக மிஞ்சியதில் எங்களை வளர்த்தார். தண்ணீர்த் தட்டுப்பாட்டில் அடுத்தவர் வயலுக்குப் பாயவிட்டுத்தான் தன் வாய்க்காலைத் திறப்பார். “அப்ப ஒங்கட வயல் என்ன, மழைய நம்பியா கெடக்கு?” என்று உம்மா ஏசுவார். வாப்பா சிரித்துக்கொண்டே வெளியே போய்விடுவார்.

ஆனால் இறந்தவர்களுக்காகப் பாத்திஹா ஓதும் நாளில் அந்தச் சிரிப்பு இருக்காது. மௌத்தானவர்களின் பெயரை, ஓத வந்த பள்ளி லெப்பை கேட்பார். வாப்பா தன் உம்மாவின் பெயரைச் சொல்லி நிறுத்திவிடுவார். “ஹயாத்தோட இருக்கிற மனிசன்ட பேர மௌத்தாப் போனவங்களோட சேக்கலாமா?” என்பார். அவருக்கே எழுபது கடந்த பிறகும் அதே பேச்சுத்தான். தன் வாப்பாவின் வயதுக் கணக்குத் தெரியாதவர் அல்லர். விட மனம் வரவில்லை.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது மாமி போனார், கல்வீடும் போனது. இடிந்து கிடந்த சுவர் அலுமாரிக்குள் வாப்பா ஒரு பித்தளை பேட்ஜைக் கண்டெடுத்தார். இரண்டு கைகள் ஒன்றையொன்று பற்றியிருக்க, சுற்றிலும் கயிறு போட்ட சின்னம். தன் வாப்பா வெள்ளிக்கிழமைச் சட்டையில் ஏதோ ஒரு சங்கத்தின் பேட்ஜைக் குத்துவார் என்று தன் உம்மா சொல்லக் கேட்டிருந்தார். அதுதான் இது என்று வாப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. எந்தச் சங்கம் என்று தெரிந்தால் ஆளைத் தேடலாம் என்று நம்பினார். கண்டவர் போனவரிடமெல்லாம் காட்டினார். ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒவ்வொரு நோன்புக்கும் முன்னால் நாங்கள் வீட்டுப் பித்தளைச் சாமான்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்போம். பேட்ஜை மட்டும் வாப்பா எங்கள் கையில் தரமாட்டார். தானே குந்தியிருந்து தேய்ப்பார். முன்பக்கம் சீக்கிரம் பளிச்சென்று வந்துவிடும். பின்பக்கம் கறுத்து, கீறல் விழுந்து கிடந்தது. அந்தக் கீறல்கள் போகும்வரை வருடா வருடம் தேய்த்தார்.

கொழும்பில் பழைய நாணயமும் பேட்ஜும் சேர்க்கிற ஒருவர் இருப்பதை என் கணவர் விசாரித்து அறிந்தார். நானும் வாப்பாவும் பஸ்ஸேறிப் போனோம். அவர் கையில் வாங்கியதுமே, “இது கப்பல்காரங்கட சகோதர சங்கத்துட பேட்ஜ்” என்றார். வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அவர் பேட்ஜைத் திருப்பிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். “சங்கம் எப்பவோ இல்லாமப் போயிட்டு. ஆனா பின்னால ஆள்ட பேரும் எந்தத் துறைமுகம் எண்டதும் ஊசியால வெட்டியிருப்பாங்க. இதுல ஒரு வளைவு மட்டும்தான் மிச்சமா ஈக்கி. எதால நாநா தேச்சீங்க?”

“புளியும் சாம்பலும்” என்றார் வாப்பா.

திரும்பி வரும் பஸ்ஸில் பேட்ஜின் பின்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார். அம்பாறையைத் தாண்டிய பிறகு, “நான்தான் அழிச்சிட்டன், மகள்” என்றார். “இல்ல வாப்பா” என்றேன். அடுத்த நோன்புக்குப் பித்தளைச் சாமான் எதையும் தேய்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாப்பாடு குறைந்தது. அதற்குப் பிறகு அவர் வயல் பக்கம் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரோடு இரவு தங்கிய என் தம்பிமாருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்த தாதிமாருக்கும், மழைக்குள் கபுறு வெட்டிய அயலவர்களுக்கும், ஜனாஸாத் தொழுகைக்குக் காரைதீவிலிருந்து வந்து வெளியே காத்து நின்ற வாப்பாவின் இந்துக் கூட்டாளிமாருக்கும் எங்கள் நன்றி. கண்ணால் கண்டதை மறைக்காமல் சொன்ன அந்தக் கொழும்பு மனிதருக்கும் நன்றி. அவர்மேல் எங்களுக்குக் கோபமில்லை.

கடைசியாக வாப்பா என்னிடம் சொன்னது இதுதான்: “மகள், எனக்குக் கத்தம் ஓதுற நாள்ல என்ட வாப்பாட பேரையும் சேத்துச் சொல்லிருங்க.”

நாற்பதாம் நாள் கத்தத்தில் லெப்பை மௌத்தானவரின் பெயரைக் கேட்டார். உள்ளேயிருந்து இரண்டு பெயர் சொல்லி அனுப்பினேன்.