மூக்குக் கண்ணாடியும் ராத்தாவின் படமும்

எழுதத் தெரிந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை. கடிதம் எழுதினாலும் இரண்டு தடவை கிழித்துப் போடுவேன். ஆனாலும், ஒரு படம் பழுதான கதையை இத்தனை வருடமும் ஒரே மாதிரியாகச் சொல்லி வந்திருக்கிறேன். அது முழு உண்மை அல்ல. வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தேன். இங்கினியாகலை அணைக்கட்டு வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது, மருதமுனையில் நெய்த, இடுப்பில் கட்டும் சாரங்களை வாங்கிக்கொண்டு, அவற்றுக்கு ஈடாக ஒரு பழைய ஜெர்மன் கமெராவைக் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“இதுல ரெண்டு ஓட்டை இரிக்கி. ஒண்டுலயும் எனக்கு ஒண்டும் விளங்கல்ல. ஒனக்குத்தான் நாலு கண் இரிக்கே, நீ வெச்சுக்க.”

நான் சின்ன வயதிலிருந்தே தடித்த மூக்குக் கண்ணாடி போடுபவன். அந்தக் கமெராவின் பின்பக்கத்தில் கடலை அளவில் இரண்டு துவாரங்கள் இருந்தன. ஒன்றில் பார்த்தால் ஆள் இரண்டாகத் தெரிவார். முன்னால் இருக்கும் வளையத்தைத் திருகத் திருக இரண்டு உருவமும் நெருங்கி வரும். ஒன்றாகச் சேரும் இடத்தில் நிறுத்தினால் படம் தெளிவாக விழும். மற்றத் துவாரத்தில் படத்தின் எல்லை தெரியும். இரண்டுக்கும் கண்ணை ஒட்டி வைக்க வேண்டும். கண்ணாடிக்காரன் எப்படி ஒட்டுவது? எனக்கு நடுப்பகுதி மட்டும்தான் தெரியும், ஓரமெல்லாம் இருட்டு. தலையை அங்கும் இங்கும் சாய்த்து ஒவ்வொரு ஓரமாகத் தேட வேண்டும். கண்ணாடியைக் கழற்றினால் ஓரங்கள் வந்துவிடும். ஆனால் இரண்டு உருவமும் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாது. துவாரத்தின் விளிம்பு உரசி உரசிக் கண்ணாடியின் வலது பக்கத்தில் வட்டமாக ஒரு கீறல் விழுந்தது. கடையில் துணி அளக்கும்போதும் அந்த வட்டத்துக்குள்ளால்தான் பார்த்தேன்.

என் ராத்தா, கூடப் பிறந்த அக்கா, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். விதவை; கணவர் மௌத்தாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு என்பதால் அது அவருடையது. நான் கல்யாணம் முடித்து என் மனைவி வீட்டில் இருந்தேன். ராத்தாவுக்கு இருந்த ஒரே ஆசை ஹஜ்ஜுக்குப் போவது. வயல் துண்டொன்றை விற்று அதற்கு வைத்திருந்தார். பெண் தனியே போக முடியாது. கூடப் போகத்தக்க ஆண் உறவு வேண்டும். என்னிடம் கப்பல் காசு இல்லை. அந்த வருடம் உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, போகத் தீர்மானித்தார். அவரோடு போனால்தான் உண்டு.

கடவுச்சீட்டுக்கு முகம் தெரியும் படம் வேண்டும் என்றார்கள். ஸ்டூடியோவுக்குப் போக ராத்தா ஒத்துக்கொள்ளவில்லை. “அந்நியன்ட கண்ணுக்கு முன்னால முகத்தத் திறந்துக்கிட்டு இரிக்க ஏலா. தம்பிட்ட கமெரா இரிக்கிதானே. படத்த ஸ்டூடியோக்காரன் கழுவட்டும், அது கடதாசி.”

வியாழக்கிழமை பின்னேரம் போனேன். பிலிமில் மூன்று படத்துக்குத்தான் இடம் இருந்தது. முற்றத்தில் நல்ல வெளிச்சம், ஆனால் வேலிக்கு மேலால் ஆட்கள் பார்ப்பார்கள் என்று ராத்தா வெளியே வரவில்லை. உள் விறாந்தையில், அறைக் கதவுக்கு முன்னால், கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் போதாததால் கமெராவின் கண்ணை முழுவதும் திறந்து வைத்தேன். அப்படித் திறந்தால், குறித்த தூரத்துக்கு ஒரு முழம் முன்னே பின்னே இருப்பதும் கலங்கிவிடும்.

நான் குனிந்து, சாய்ந்து, ஓரம் தேடிக்கொண்டிருந்தேன்.

“என்னடா, கிணத்துக்குள்ள வாளி விழுந்திட்டா? இப்பிடித் தேடுறாய்?”

“ஆடாம இரிங்க ராத்தா.”

“நான் எங்க ஆடுறன்? நீதான் ஆடுறாய். கெதியா எடு, வெக்கமா இரிக்கி.”

முக்காட்டைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு அவர் நேரே என்னைப் பார்த்தார். துவாரத்துக்குள் அவர் முகம் இரண்டாகத் தெரிந்தது. வளர்ந்த பிறகு நான் ராத்தாவோடு நிலத்தைப் பார்த்துத்தான் கதைத்திருக்கிறேன். அவருடைய புருவம் நரைத்திருந்ததை அன்றுதான் கண்டேன். கன்னம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்க வந்த வாய் பாதியில் நின்று நடுங்கியது. அழப் போகிறாரோ என்று பயந்தேன். அந்த முகத்தை உற்றுப் பார்த்து இரண்டையும் ஒன்றாக்க என்னால் முடியவில்லை. கமெராவைக் கொஞ்சம் விலக்கி, பின்னாலிருந்த கதவு நிலையில் பார்த்தேன். அதன் நேர்கோடு இரண்டும் சுலபமாகச் சேர்ந்தன. ஒரு முழ வித்தியாசம் என்ன செய்துவிடும் என்று, கமெராவை ராத்தா பக்கம் திருப்பி, வளையத்தைத் தொடாமல் மூன்று படத்தையும் எடுத்தேன்.

அன்று மாலையே பிலிமைக் கொடுத்துவிட்டு, மறுநாள் வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோக்காரர் படங்களை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினார்.

“நிலையில அடிச்ச ஆணி கூடத் தெரியிது. மக்காவுக்குப் போறது ஒங்கட ராத்தாவா, கதவா?”

முகம் இருந்த இடத்தில் புகை மாதிரி ஒன்று இருந்தது. என் கமெராவுக்குப் போட வேறு பிலிம் அவரிடமும் இல்லை; அவருடையது பெரிய கால் வைத்த கமெரா, கடையை விட்டு அசையாது. அடுத்த நாள் விடியவே மாமா பத்திரங்களோடு கொழும்புக்குப் போக வேண்டும். பத்திரங்களைக் கொடுக்கும் தவணை அதோடு முடிகிறது.

ராத்தா வீட்டில், ஸ்டூடியோவுக்கு வரும்படி மாமா கெஞ்சினார். “மகள், ஒரு நிமிசம். நானும் கூட வந்து நிக்கிறன். இது பர்ளான கடமைக்குப் போற காரியம், அல்லாஹ் குற்றம் பிடிக்க மாட்டான்.”

ராத்தா எழுந்து, வெளியே போகும்போது போர்த்தும் போர்வையை எடுத்தார். வாசல்வரை வந்தார். பிறகு திரும்பிப் போய்க் கதிரையில் இருந்துவிட்டார்.

“ஏலாது மாமா. நீங்க போய்ட்டு வாங்க.”

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். “கண்ணாடியாலதானா தம்பி இப்பிடி வந்திச்சி?”

“ஓம் ராத்தா,” என்றேன். “கண்ணாடி போட்டா ஓட்டைக்குள்ளால சரியாத் தெரியாது.”

“பாவம். மாமா, அங்க போனா இவன்ட கண்ணுக்கு ஒரு துஆ கேளுங்க.”

மாமா கேட்டிருப்பார். சொன்னதை மறக்காத மனிதர். திரும்பி வந்த அடுத்த வருடமே மௌத்தாகிவிட்டார். ராத்தாவுக்கு வேறு துணை அமையவில்லை. ஏழு வருடம் இருந்து, ஹஜ்ஜுக்குப் போகாமலே அவரும் மௌத்தானார். படம் பழுதானது கண்ணாடியால் என்றுதான் கடைசிவரை நம்பினார். எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

அந்த வெள்ளிக்கு மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸில் மாமா தன் பத்திரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மட்டக்களப்புக்குப் போய்க் கொழும்பு ரயில் ஏறினார். மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசியது. நான் கடைக்குப் போனேன்.