பழசாக ஆகச் சூடேறிய அடுப்பு

போன ஞாயிறு புனேயின் ஔந்துப் பகுதியில் ஒரு நண்பர் வீட்டில் சாப்பாடு. கோயம்புத்தூர்க்காரர், சாஃப்ட்வேர் வேலை, புனே வந்து ஆறு மாசம். கை கழுவப் போனேன். பாத்ரூம் வாசலில் லேசாக பிளாஸ்டிக் கருகிய வாசனை.

கீஸர் பிளக்கைத் தொட்டேன். சுட்டது.

“சின்ன சாக்கெட்டுங்ணா. கன்வெர்ட்டர் போட்டு ஓட்டிட்டிருக்கேன்” என்றார்.

“கீஸர் எத்தனை வாட்?”

“ரெண்டாயிரம்.”

“இருநூத்தி முப்பதால வகுங்க.”

யோசிக்கவே இல்லை. “எட்டே முக்கால் ஆம்ப் வருமுங்க.”

“சாக்கெட் தாங்குறது ஆறு.”

கையிலிருந்த ரசக் கரண்டியோடே போய் ஸ்விட்சை அணைத்தார். பரீட்சையில் இந்தக் கணக்குக்கு முழு மார்க் வாங்கியிருப்பார். தன் வீட்டுச் சுவரில் அது நடக்கும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். நம்மில் எத்தனை பேர் பிளக்கைத் தொட்டுப் பார்க்கிறோம்?

எனக்கு அந்த மார்க்கெல்லாம் கிடையாது. எட்டாவதோடு சரி. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளில் கூலிக்கு நின்றபோது ஒட்டிக்கொண்ட கணக்கு இது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ். பெருக்கினால் வாட். இதை வைத்துப் பெரிதாக எதையும் சாதித்ததில்லை. ஒரு அறையைத்தான் இழந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், இதே புனேயில், ஏரவாடாவில். தகரக் கூரை, வரிசையாக ஐந்து அறை. ஒன்றில் நானும் கோவில்பட்டி மாடசாமியும். கோடி அறையில் வீட்டுக்காரம்மா. மாவ்ஷி என்றால் சித்தி – வரிசை முழுக்க அப்படித்தான் கூப்பிடும். மாவ்ஷிக்கு ஒரே சட்டம்: பல்பும் ஃபேனும் போடலாம், ஷெகடி கூடாது. கரண்ட் அடுப்பைக் கண்டால் அன்றைக்கே பெட்டி வெளியே.

எங்களுக்கு ரேஷன் கார்டு கிடையாது. கார்டு இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் ஏது? ஆகவே டிரங்குப் பெட்டிக்குள் ஒரு கரண்ட் அடுப்பு... விடியற்காலையில் மட்டும் வெளியே வரும். ஆகுர்டி ஃபேக்டரியில் மாடசாமிக்கு முதல் ஷிஃப்ட். கட்கி ஸ்டேஷனில் லோக்கல் ரயிலைப் பிடிக்க வேண்டும். அதற்குள் சோறு வெந்தாக வேண்டும்.

அடுப்பின் காயில் அடிக்கடி அறுந்தது. கருகிய முனையை உடைத்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை இழுத்து முறுக்கிவிடுவான். ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு அங்குலம் போகும். அடுப்போ முன்னைவிட நன்றாக எரியும்!

“பாத்தியாலே? பழசாக ஆகத்தான் இதுக்கு ரோஷம் வருது” என்பான் மாடசாமி.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் வேலை பார்த்த கடையிலிருந்து ஒரு நாள் மீட்டரை இரவல் வாங்கி வந்து, அடுப்பு எரியும்போதே பார்த்தேன். வோல்ட் 225. ஆம்பியர் 6.2. வகுத்தால் ரெசிஸ்டன்ஸ் 36 ஓம். வாங்கியபோது ஆயிரம் வாட் அடுப்பு – 53 ஓம் இருந்திருக்க வேண்டும். இப்போது வாட்? பெருக்கினேன். கிட்டத்தட்ட 1400.

“கம்பி குறைஞ்சா கரண்டும் குறையத்தானல செய்யும்?” என்றான் மாடசாமி. “எட்டாங்கிளாசு எனக்குப் பாடம் எடுக்கான்!”

“தடை குறையுதுடா. தடை குறைஞ்சா கரண்ட் கூடத்தான் பாயும்.”

“அப்ப ஃபியூஸ் போயிருக்கணும்லா?”

நியாயமான கேள்வி. வராந்தாவிலிருந்த ஃபியூஸைக் கழற்றினேன். உள்ளே மெல்லிய ஃபியூஸ் கம்பியைக் காணோம். செம்புக் கம்பி, நாலு இழை முறுக்கி வைத்திருந்தது.

“யாரு வேலை?”

“ரெண்டு தடவ போச்சு. மாவ்ஷிக்குத் தெரிஞ்சிரும்னு நாந்தான்...” என்றான்.

அதாவது, இனி ஃபியூஸ் உருகாது. வேறு ஏதாவதுதான் உருக வேண்டும்.

வயரைத் தடவிக்கொண்டே போனேன். பல்புக்கும் ஃபேனுக்கும் இழுத்த ஒல்லி வயர். வராந்தா முழுக்க வெதுவெதுப்பு. கடைசியில் அது, மெயின் இருந்த மாவ்ஷியின் அறைக்குள் நுழைந்து, பரணில் அடுக்கியிருந்த கோதடிகளுக்குப் பின்னால் போனது. கோதடி என்றால் பழைய புடவைகளை வைத்துத் தைத்த மெத்தைப் போர்வை. ஏழெட்டு இருக்கும். கீழே மாவ்ஷி படுக்கிற கட்டில்.

புதுக் காயில் மாட்டலாம். ஃபியூஸை மாற்றலாம். இரண்டையும் மாவ்ஷிக்குத் தெரியாமலே செய்யலாம். ஆனால் வெந்துபோன வயர்? அது அவர் அறைக்குள் அல்லவா இருக்கிறது?

“சொல்லாதல. சொன்னா நாளைக்கு எங்க படுக்க?” என்றான் மாடசாமி.

அது எனக்கும் தெரியவில்லை. இருந்தும் போய், கோதடிக்குப் பின்னால் வயர் வெந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன்.

மாவ்ஷி நம்பவில்லை. ஸ்டூலில் ஏறி மெயினை அணைத்தேன். கோதடிகளை விலக்கி, “தொட்டுப் பாருங்க மாவ்ஷி” என்றேன். தொட்டார். வயரின் மேலுறை அப்பளம் மாதிரி நொறுங்கி அவர் கையில் விழுந்தது.

“ஷெகடி வெச்சிருக்கியா?” என்று இந்தியில் கேட்டார்.

“ஆமா மாவ்ஷி.”

திட்டவில்லை. கோதடிகளை ஒவ்வொன்றாக இறக்கி, பின்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றில் பழுப்பாக ஒரு கோடு. அதை விரலால் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “ஞாயித்துக்கிழமை வரைக்கும் இரு. அதுக்குள்ள இந்த வயரை நீயே மாத்திக் குடு. அப்புறம் கிளம்பு.”

சட்டம் சட்டம்தான். அதில் தப்பு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

கடையில் கிடந்த வயரைக் கேட்டு வாங்கி மூன்று நாளில் மாற்றினேன். மெல்லிய ஃபியூஸ் கம்பியும் போட்டேன். மாவ்ஷி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். ஒரு கப் டீயும் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை என்ற வார்த்தையை மட்டும் மாற்றவில்லை.

மாடசாமி ஆகுர்டியில் ஒரு சொந்தக்காரன் அறைக்குப் போய்விட்டான். போகும்போது, “வாயக் குடுத்து வீட்டக் காலி பண்ணுன மொத ஆளு நீதாம்ல” என்றான். நான் வாங்கிக் கொடுத்த புதுக் காயிலை மறக்காமல் எடுத்துக்கொண்டான்.

நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

இதுவரை பதினோரு அறை காலி செய்திருக்கிறேன். கணக்கு சரியாக வந்ததற்காகக் காலி செய்தது அது ஒன்றுதான்.