நடுவில் நிற்பவர்

பிரேம் போடுகிறவனுக்குச் சாமி படமும் ஒன்றுதான், செத்துப்போனவர் படமும் ஒன்றுதான். இரண்டையும் தலை தட்டாமல் அளவெடுத்து, உள்ளே தூசி சிக்காமல் கண்ணாடி மூடிக் கொடுக்க வேண்டும். திருவண்ணாமலையில் தேரடி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருபத்தெட்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். கடை வைத்துக் காலம் தள்ளுகிறவர்களுக்குத் தெரியும், வாடிக்கையாளர் பொருளை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது ஒரு வார்த்தையை நம்மிடம் விட்டுவிட்டுப் போவார். அவர் பஸ் ஏறியதும் மறந்துவிடுவார். நமக்கு அது சோறு இறங்காமல் தொண்டையில் நிற்கும். எனக்கு அப்படி நின்றவை எல்லாம் மூன்று பேர் நிற்கிற படங்களால் வந்தவை.

ஆயுத பூஜை அன்று

எங்கள் பக்கத்தில் மூன்று பேராக நின்று போட்டோ எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்பார்கள். நான்காவதாகப் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கூப்பிட்டு நிறுத்துவார்கள், யாரும் கிடைக்காவிட்டால் ஒரு தேங்காயையாவது கையில் பிடித்துக்கொள்வார்கள். இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். என் கடைச் சுவரில் மும்மூர்த்திகள் மூன்று பேராக நிற்கிறார்கள், முப்பெருந்தேவியர் மூன்று பேராக உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. மனிதன் நின்றால் மட்டும் என்ன வந்துவிடும் என்று வாதம் செய்வேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆயுத பூஜை அன்று கடை வாசலில் நானும் என் தம்பிகள் இருவரும் படம் எடுக்க நின்றோம். பெரிய தம்பி சம்பத்தின் மனைவி தேவகி, மூன்று பேராக வேண்டாம் என்று தடுத்தாள். நான் சிரித்தேன். அவள் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் தலை மறைந்ததும் நான் போய் நடுவில் நின்றேன். உடனே சம்பத் என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் தான் நின்றுகொண்டான். விளையாட்டாகத்தான் செய்தான் என்று நினைத்தேன். சின்னத் தம்பி முருகன் மறு ஓரத்தில் நின்றபடியே போனைத் தூக்கிப் பிடித்து, மூன்று பேரும் விழுகிற மாதிரி படம் எடுத்தான்.

நாற்பது நாளில் சம்பத் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். வயசு நாற்பத்தொன்று. கூடத்தில் அவனைக் கிடத்தியிருந்தபோது தேவகி என்னை நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசவில்லை. ஒரே காம்பவுண்டில் எதிரெதிர் வீடு. நான் வாசலில் இருந்தால் அவள் தண்ணீர் பிடிக்கக்கூட வர மாட்டாள், ஏதாவது வேண்டுமென்றால் முருகன் மூலமாகச் சொல்லி அனுப்புவாள். நடுவில் முதலில் நின்றவன் நான் என்பது அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன். அதைச் சொல்லும் தைரியமும் எனக்கு வரவில்லை. அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன். காரியத்துக்கு அவனுடைய ஆதார் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டோம். என் தம்பி போலவே இல்லாத யாரோ ஒருவர் அதில் முறைத்துக்கொண்டிருந்தார். அன்று கூடத்தில் தேவகி என்னைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: "அன்னிக்கே சொன்னேனே மாமா."

ஒரு பொய்

தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மும்மூர்த்தி படம் வாங்க வந்தார். படம் பிடித்துவிட்டது, ஆனால் பிரம்மாவை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் பிரேம் போட முடியுமா என்றார். எங்கள் ஊர்க்காரருக்கு அந்தக் கோபம் வருவது சகஜம். நெருப்பாக நின்ற மலையின் உச்சியைப் பார்த்துவிட்டதாகப் பிரம்மா பொய் சொன்னதும், தாழம்பூ அதற்குச் சாட்சி சொன்னதும் இந்த ஊரில்தான். வெட்டலாம், ஆனால் பக்கத்தில் நிற்பவரின் கையும் கூடவே போய்விடும் என்று சொன்னேன்.

பெரியவர் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, அப்படியே போட்டுவிடச் சொன்னார். நான் பிரேமுக்கான பீடிங் கட்டையை அறுக்க ஆரம்பித்தபோது அவர் பேசியது என்னிடம்தானா, தனக்குத்தானா என்று தெரியவில்லை. நான் மேஜை டிராயரைத் திரும்பிப் பார்த்தேன். "ஒரே ஒரு பொய்யிப்பா. அதுக்கே அவருக்குக் கோயில் இல்லாம போச்சு. வாயைத் தொறக்காம மறைச்சு வச்சவனுக்கெல்லாம் என்ன ஆவும்?"

நூல் நூற்கிற அக்காமார்

அடி அண்ணாமலைப் பக்கம் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்கார அம்மா ஒருவர் பழைய படம் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தார். மூன்று பெண்கள். ஒருத்தி நூல் நூற்கிறாள், ஒருத்தி அதை அளக்கிறாள், மூன்றாமவள் கையில் கத்தரிக்கோல். கிரேக்க தேசத்து விதி தேவதைகளாம், மூன்று பேரும் அக்கா தங்கையாம், அந்த நூல்தான் மனிதனின் ஆயுளாம். நம் ஊரில் பிரம்மா ஒருத்தரே எழுதிவிடுகிற தலையெழுத்தை அங்கே மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டு பார்க்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு ஒரே மகன் இருந்திருக்கிறான். இருபத்தாறு வயதில் போய்விட்டானாம். ரொம்ப நாள் அந்தக் கத்தரிக்கோல்காரியின் மேல் ஒரு துணியை ஒட்டி மறைத்து வைத்திருந்தாராம். பசை ஒட்டியிருந்த தடம் படத்தில் தெரிந்தது. அதைச் சுத்தம் செய்து மூன்று பேரும் தெரிகிற மாதிரி போட வேண்டும் என்றார். நானாக இருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்தே போட்டிருப்பேன் என்று சொல்லிவிட்டேன். அவர் தனக்குத் தெரிந்த தமிழில் நிதானமாகப் பதில் சொன்னார். "அந்த அக்காவும் வேலைதான் செய்றாங்க அண்ணா. இப்போ எனக்குக் கோபம் போச்சு."

நாலாவது

சம்பத் போன பிறகு, மூன்று பேர் படத்தைக் கண்டால் ஓரத்தில் சின்னதாக ஒரு பிள்ளையாரைச் சேர்த்துவிடட்டுமா என்று நானே கேட்கிற ஆளாகிவிட்டேன். வாதம் செய்த வாய் அது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு தம்பதியிடமும் அப்படித்தான் கேட்டேன். கணவன், மனைவி, நடுவில் நாலைந்து வயதுப் பெண் குழந்தை. கணவர் சட்டென்று தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி, குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே எனக்குச் சமாதானம் சொல்கிற குரலில் சொன்னாள். "வேணாங்க. நாங்க நாலு பேருதான். சின்னவன் பொறந்த அன்னிக்கே போயிட்டான்."

மூன்று தலை நாய்

காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி தானே வரைந்த படத்தைக் கொண்டுவந்தாள். ஒரே உடம்பில் மூன்று தலை வைத்த கறுப்பு நாய். பார்க்கவே பயமாக இருந்தது, வால் மட்டும் தெருநாயின் வால் மாதிரி சுருண்டு தூக்கி நின்றது. தத்தாத்ரேயருக்குத்தான் மூன்று தலை, நாய்கள் அவர் காலடியில் அல்லவா நிற்கும் என்று என் ஞானத்தைக் காட்டினேன். அவள் பொறுமையாக விளக்கினாள். இது கிரேக்கத்து நாயாம். செத்தவர்கள் போய்ச் சேருகிற ஊரின் வாசலில் காவல் இருக்கிறதாம். அங்கிருந்து யாரையும் வெளியே விடாதாம்.

இதைப் போய் வீட்டில் மாட்டுவார்களா என்று கேட்டேன். அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டப் போவதாகச் சொன்னாள். அப்பா போய் மூன்று மாசம் ஆகிறதாம். நான் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன். பார்சலை வாங்கிக்கொண்டவள் படியில் இறங்கும் முன் நின்று சொன்னாள். "எங்க அப்பாவுக்கு நாய்ன்னா ரொம்ப பயம் சார். உள்ள போறவங்களப் பாத்து இது வாலாட்டும்னு படிச்சேன், அதுலேர்ந்துதான் கொஞ்சம் தூங்கறேன்."

தேவகி

போன வாரம் தேவகி கடைக்கு வந்தாள். மத்தியான நேரம், கடையில் என்னோடு இருக்கிற முருகன் சாப்பிடப் போயிருந்தான். வந்தவள் சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள். மகளுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது, அப்பா முகம் மறந்துபோகிறது, ஆதார் படத்தைக் காட்டினால் இது யார் என்று கேட்கிறாள் என்றாள். அந்த ஆயுத பூஜைப் படம் இருக்கிறதா என்று கேட்டாள்.

டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். சம்பத் அதில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் அதை வாங்கி, முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். இனியும் மறைத்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது. நடுவில் முதலில் நின்றிருந்தவன் நான்தான், அவனாகத்தான் என்னைத் தள்ளிவிட்டு நின்றான், போயிருக்க வேண்டியவன் நான் என்று ஒரே மூச்சில் சொன்னேன். இரண்டு வருஷமாக நீ பேசாமல் இருந்தது நியாயம்தான் என்றும் சொன்னேன். நான் அழுகிற சத்தம் கேட்டு அவள் பயந்துபோய்விட்டாள்.

அவள் சொல்லித்தான் தெரிந்தது, படம் எடுத்த அன்று ராத்திரியே சம்பத் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். அண்ணனுக்கு ஏதாவது ஒன்று என்றால் தன்னால் தாங்க முடியாது, அதனால்தான் மாறி நின்றேன் என்று சொல்லிவிட்டுச் சிரித்தானாம். நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்பதை அவனும் நம்பியிருக்கிறான். கேட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இந்த இரண்டு வருஷத்தில் தேவகி அப்போதுதான் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். பார்த்த உடனே அவள் கண் நிறைந்துவிட்டது. "கோவம் இல்ல மாமா. நீங்க அச்சு அசல் அவரு மாதிரியே இருக்கீங்க, அதான் உங்களைப் பாக்க முடியல."

இருபத்தெட்டு வருஷமாகக் கண்ணாடி துடைக்கிறவன், அதில் தினமும் தெரிந்த முகம் யாருடையது என்பதை ஒருத்தி வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.