அடக்கமான பிள்ளை

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் பதினெட்டு வருஷமாக அவள் ஆயா. மூக்கைத் துடைப்பாள், கால் கழுவிவிடுவாள், ஷூ மாட்டிவிடுவாள். அங்கே அத்தனை பிள்ளைகளும் அவளைப் ‘பெரியம்மா’ என்றுதான் கூப்பிடும். நிஜமாகவே பெரியம்மா முறையுள்ள தங்கை மகள் மட்டும் கூப்பிட்டதில்லை. மூன்று வயது முடிந்தும் அதன் வாயில் நாலு சொல் கிடையாது.

“ஒரு தடவ காது டாக்டர்கிட்ட காட்டிடலாமே?” என்று டீச்சர் சீட்டு எழுத உட்கார்ந்தபோது ஆயாவுக்குச் சுருக்கென்றது. குறையுள்ள பிள்ளை என்று பேர் விழுந்துவிட்டால் பிறகு அழியுமா?

“எங்க வீட்டுல பெரியவங்க முன்னாடி பிள்ளைங்க வாயத் திறக்காதுங்க டீச்சர். அப்படித்தான் வளர்க்கிறோம். மத்தபடி சொன்னதெல்லாம் செய்யுது, பாருங்க.”

எந்தெந்த வீட்டில் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்ய வந்திருந்த அம்மாள், மூலையில் குட்டி நாற்காலியில் முட்டியை மடக்கிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

“கரெக்ட். இது குறையில்ல டீச்சர், வளர்ப்பு. பேச்ச மட்டும் வச்சு அளந்தா இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு அநியாயம் பண்றோம்.”

படித்தவள் சொன்ன பிறகு அப்பீல் ஏது? டீச்சர் சீட்டைக் கிழித்தாள். ஆயாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் பேச்சை ஒருத்தர் நோட்டில் குறித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. தங்கையிடம் பெருமையாகச் சொன்னாள், டீச்சர் எழுதப்போன சீட்டை மட்டும் விட்டுவிட்டு.

ஒன்றரை வருஷம் போனது. தீ விபத்து ஒத்திகை நாளில் மணி அலறியதும் பிள்ளைகள் வரிசைகட்டின. முன்னால் நிற்கும் பிள்ளையைப் பார்த்துப் பார்த்து ஒழுங்காக வந்து நிற்கும் தங்கை மகளைக் காணோம். ஆயா கழிவறைக்கு ஓடினாள். தலைக்கு நேர் மேலே மணி அலறிக்கொண்டிருக்க, பிள்ளை நிதானமாகக் கைக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தது.

“கண்ணு!”

திரும்பவில்லை.

“ஏய் கழுதை!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்த பிறகுதான் பிள்ளை திரும்பிச் சிரித்தது.

“இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா பேச்சு வர நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்” என்றார் காது டாக்டர். “இனிமே சிரமம்தான்.”

வெளியே பெஞ்சில் தங்கை கேட்டாள்: “யாருமே கவனிக்கலையாக்கா? நீ பாத்துக்கிறன்னுதானே நான் நிம்மதியா வேலைக்குப் போனேன்?”

“டீச்சர் சொன்னாங்கடி. நான்தான் வேணாம்னு தடுத்தேன்.”

தங்கை ஆயாவின் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அது இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தது. இரண்டும் அசையவில்லை.