பிறகு குடிக்க வைத்த பாட்டில்

லிஃப்ட்காரருக்கு எதையும் உடனே அனுபவிக்கத் தெரியாது. புதுச் சட்டை வாங்கினால் அது பெட்டியிலேயே கிடந்து மடிப்பெல்லாம் மஞ்சளாகிவிடும். நல்ல செருப்பை மழை முடியட்டும் என்று எடுத்து வைப்பார். மழை முடிந்தால் வெயில் தணியட்டும் என்பார். ஊரிலுள்ள அடுக்குமாடிகளில் நின்றுபோன லிஃப்ட்டுகளை எல்லாம் ஓட வைக்கிற மனிதர், தன் வீட்டில் மட்டும் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தார்.

அவர் மனைவி நேரெதிர். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் பார்வையைச் சரிபார்த்துவிட்டு வீடு திரும்பினால், கைக்கு வந்தது அப்போதே வாய்க்குப் போய்விட வேண்டும் அவளுக்கு. இந்த இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது பியர் மட்டும்தான் என்றால் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும்.

தெருக்கோடியில், பழைய டயர் கிடங்கில் எஃகுத் தொட்டிகளை நிறுத்தி ஒருவர் பியர் காய்ச்சினார். நுரைக்காரர் என்றுதான் தெருவே அவரைக் கூப்பிடும். வெயிலுக்கு ஆரஞ்சுத் தோல் போட்ட கோதுமை பியர், மழைக்குக் காப்பிக்கொட்டை மணக்கும் கறுப்பு பியர், குளிருக்குத் தேனாகக் கனத்துத் தலைக்கேறும் ஒன்று. இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது பச்சை பியர். பியருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற ஹாப்ஸ் பூ பறிக்கும் சமயத்தில், பூவைக் காய வைக்காமல் அப்படியே அள்ளிப் போட்டு ஒரே ஒரு தொட்டி காய்ச்சுவார். வருஷத்துக்கு ஒரு தடவைதான்.

அந்தப் பச்சை பியருக்காக மனைவி வருஷம் முழுக்கக் காத்திருப்பாள். "புல்லு வெட்டினதும் ஒரு வாசன வருமே, அது அப்படியே நாக்குல ஏறுதுங்க" என்பாள்.

வாங்குவது எப்போதும் இரண்டு பாட்டில். ஒன்றை அவள் அன்று மாலையே குடித்துவிடுவாள். அவர் அதில் ஒரு வாய் வாங்கிக்கொண்டு, இன்னொன்றை அலமாரியில் மாவு டப்பாக்களுக்குப் பின்னால் பத்திரப்படுத்துவார். ஒரு தடவை குளிர்கால பியரை இப்படி நெடுநாள் வைத்துத் திறந்தபோது, அது திராட்சை வற்றலும் தேனுமாக முதிர்ந்திருந்தது. அன்று பிடித்தது அவருக்குக் கிறுக்கு. எதை வாங்கினாலும் பாதி அலமாரிக்கு.

"அண்ணே, குளிர்காலத்துச் சரக்கு வெச்சுக் குடிக்கிறதுக்குத்தான்" என்று நுரைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "பச்சை அப்படி இல்ல. சீக்கிரமே குடிச்சிடணும். வெச்சிருந்தா பூ செத்துப்போயிடும்."

லிஃப்ட்காரர் சிரித்து மழுப்புவார். பொறுமையில்லாதவர்கள் பேச்சு என்று நினைப்பு அவருக்கு.

மனைவியின் நாக்கடியில் கட்டி வந்தது. புண் என்று நினைத்து இரண்டு பேருமே அசட்டையாக இருந்துவிட்டார்கள். கதிர்வீச்சு கொடுத்தால் உயிர் தப்பும், ருசி போய்விடும், திரும்பினாலும் திரும்பும், சொல்ல முடியாது என்றார் மருத்துவர். வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது அவள் அழவில்லை. "ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாய் பச்சை பியர் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

பூ பறிக்க இன்னும் நாளிருந்தது. ஆனால் போன வருஷத்துப் பாட்டில் அலமாரியில் இருக்கிறதே! லிஃப்ட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தான் எடுத்து வைத்த ஒரு பொருள் கடைசியில் வேளைக்கு உதவுகிறது. துடைத்து, குளிர வைத்து, அவளுக்குப் பிடித்த உயரக் கோப்பையில் அவரே ஊற்றினார்.

அவள் முகர்ந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நனைஞ்ச அட்டை மாதிரி இருக்குங்க."

அவரும் குடித்துப் பார்த்தார். அட்டைதான். பூ எப்போதோ செத்துப் போயிருந்தது. அவள் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அவளோ எழுந்துபோய் வாய் கொப்பளித்தாள். அவள் நாக்குக்குக் கடைசியாகக் கிடைத்த ருசி அது.

சிகிச்சை முடிந்தது. உயிர் இருந்தது, ருசி போயிற்று. எச்சில்கூட ஊறவில்லை, தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். எதைப் போட்டாலும் மணல் என்பாள், பிறகு அதையும் சொல்வதை நிறுத்திவிட்டாள். கடை வேலையையும் விட்டாயிற்று.

பூ பறிக்கும் சமயம் வந்தது. லிஃப்ட்காரர் டயர் கிடங்கு இருந்த பக்கமே போகவில்லை. அவள்தான் துரத்தினாள்.

"போய் வாங்கிட்டு வாங்க. நீங்க குடிக்கணும், முழுசா. நான் பாக்கணும்."

வாங்கி வந்தார். அவளே ஊற்றினாள், நுரை வழியாமல், எப்போதும் போல. எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் குடித்தார். வாழ்நாளில் முதல் முறையாக அந்தப் பியரை ஒரு வாயோடு நிறுத்தாமல் குடித்தார். வெட்டின புல், கசக்கிய எலுமிச்சை இலை, அதற்கு அடியில் சுகமான ஒரு கசப்பு. இவ்வளவு நல்லதா இது? இத்தனை வருஷமும் இவள் இதையா தனியாகக் குடித்தாள்? அது நன்றாக இருந்ததே அவருக்கு ஆத்திரமாக வந்தது.

"எப்படி இருக்கு?"

"பெருசா ஒண்ணும் இல்லம்மா. போன தடவ மாதிரிதான்."

"பொய் சொல்லாதீங்க. முகத்துல தெரியுது." அவள் தண்ணீரை ஒரு மிடறு விழுங்கினாள். "இன்னொரு பாட்டில் எங்க? ரெண்டுதானே வாங்குவீங்க?"

கோப்பை அவர் கையிலேயே நின்றது. இரண்டுதான் வாங்கியிருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒன்றைக் கை தானாகக் கொண்டுபோய் மாவு டப்பாக்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்திருந்தது.

அவர் கண் போன திசையில் அவளும் அலமாரியைப் பார்த்தாள்.

"அத யாருக்குங்க வெச்சிருக்கீங்க?" என்றாள்.