அவர் இறக்கிய கை

கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் பழக்கடை பாய் என் தங்கையின் கையைப் பிடித்து இழுத்ததைப் பார்த்தேன். பாய்ந்துபோய் அவரை அறைந்துவிட்டேன். பின்னால் வந்த பேருந்து இடிக்காமலிருக்கவே இழுத்தார் என்று அவள் அழுதாள். கூட்டம் சுற்றிக்கொண்டது.

“திருப்பி அடிச்சிருங்க பாய்,” என்றேன்.

“அடிங்க வாப்பா. ஒரு அடிக்கு ஒரு அடி, நம்ம மார்க்கத்துலயே இடமிருக்குல்லா,” என்றான் அவர் மகன்.

“இருக்குலே. ஒண்ணுதான், மேல கிடையாது.” பாய் கையை ஓங்கினார். கண்ணை மூடிக்கொண்டேன்.

ஓங்கிய கையை இறக்கிவிட்டுச் சொன்னார்: “மன்னிச்சா கூலி அல்லாகிட்ட. இவன் எல்லார் முன்னாலயும் அடிச்சான், நானும் எல்லார் முன்னாலயும் மன்னிக்கேன். போய்த் தங்கச்சிக்குத் தண்ணி வாங்கிக் குடுலே.”

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு அன்றே மறந்திருப்பேன். இப்போதோ, கோபம் வரும்போதெல்லாம் அவர் கன்னத்தில் பதிந்திருந்த என் விரல்கள்தான் தெரிகின்றன.