கிராபிக்ஸ் கார்டுக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூஜையிலிருந்தே ஆன்லைன் மேட்ச் நடுவில் என் கம்ப்யூட்டர் தானாக அணைந்துகொண்டிருந்தது. கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துப் புதிதாகப் போட்டேன். விண்டோஸையே மாற்றிப் பார்த்தேன். பயனில்லை.

இன்று எங்கள் டீம் கேப்டன் பிரவீன், திருப்போரூரிலிருந்து படூரில் உள்ள என் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"இன்னைக்கும் பாதியில காணாம பூட்டன்னா, டீம்ல நீ கெடையாது மச்சான்."

"டிரைவர்தான்டா பேஜாரு பண்ணிகினு கீது."

அவன் காதில் வாங்காமல் கேபினட்டைத் திறந்தான். கிராபிக்ஸ் கார்டு விசிறியின் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். அது வழிந்து, காய்ந்து இறுகியதில் விசிறி சுற்றவே இல்லை. கார்டு சூடாகித்தான் எல்லாம் அணைந்திருக்கிறது.

"இன்னாடா இது?"

"பூஜைக்கு வெச்சது. எல்லாரும் வெளிய வெப்பாங்க. வேல செய்யறது உள்ளதானேன்னு..."

"எலுமிச்சம்பழம் வெக்காம வுட்டியே, அதுவே பெருசு."

பழைய டூத்பிரஷால் தேய்த்தோம். விசிறி சுற்றியது. மேட்ச் கடைசிவரை ஒருமுறைகூட அணையாமல் ஓடியது.

தோற்றோம். எங்கள் டீமில் அதிகமாகச் செத்தது நான்தான்.

இத்தனை நாள் டிரைவர்மேல் பழி போட்டேன். இனி எதன்மேல் போடுவது? பிரவீன் பக்கத்திலேயே உட்கார்ந்து என் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சீக்கிரம் கமெண்டில் சொல்லுங்கள்.